படத்தில் ஏரி இருந்த இடம்

எங்கள் பஜாரில் ஒரு பழைய துணிக்கடை இருக்கிறது. உள்சுவரில், சேலை அடுக்குகளுக்கு மேலே, கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு வரைபடம் தொங்கும். வெள்ளைக்காரன் காலத்தில் அச்சடித்தது. இப்போதைய முதலாளியின் தாத்தா இந்தியாவிலிருந்து வந்து கடை வைத்த காலத்தில், ஏதோ ஒரு பங்களாவின் சாமான்களை மொத்தமாக எடுத்தாராம். மேசை நாற்காலியோடு அந்தப் படமும் வந்தது. மேசை நாற்காலி போய்விட்டது, படம் இருக்கிறது.

தீபாவளிக்குத் துணி எடுக்க அப்பாவோடு போன வயதிலிருந்து நான் அதைப் பார்த்து வருகிறேன். பெரியவர்கள் பேரம் பேசி முடிக்கும் வரை எனக்கு வேலை இல்லை. படத்தில் உள்ளதை எண்ணிக்கொண்டு நிற்பேன். வீட்டுமனைகள் இருநூற்றுப் பன்னிரண்டு. தெருக்கள் பதினான்கு. ஒரு தேவாலயம், பேண்டு வாசிக்க ஒரு மேடை, குதிரை ஓட்ட மைதானம், சந்தை, நடுவில் படகு விடுவதற்கு ஓர் ஏரி. ஏரியில் படகுகள் மூன்று. ஆங்கிலம் படித்த பிறகு அடியில் இருந்த எழுத்துகளையும் படித்தேன். காய்ச்சல் அண்டாத காற்று, ஊற்றுத் தண்ணீர், ரயில் பாதைக்குப் பக்கம், ஓய்வு பெற்ற கனவான்கள் குடியேற ஏற்ற புதிய நகரம், மனைகள் தீருமுன் விண்ணப்பிக்கவும் என்று இருந்தது. கீழ் மூலையில், நகரத்தின் எல்லைக்கு வெளியே, நீளமாக இரண்டு பட்டைகள். அதன் மேல் கூலி லயங்கள் என்று பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். மரங்களுக்கெல்லாம் நிழல் போட்டவன் லயத்துக்கு ஒரு சன்னல் போடவில்லை.

அந்த நகரம் வரவேயில்லை. காட்டை வெட்டினார்கள், கோப்பி நட்டார்கள், கோப்பி செத்தது, தேயிலை நட்டார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு மனைகளில் ஒன்றில்கூட ஒரு கல் விழவில்லை. படத்தில் போட்டபடி வந்தது, கூலிகளை வரிசை அறைகளில் அடைத்த லயம் மட்டும்தான். நானும் என் தங்கையும் பிறந்தது அங்கே, கீழ் லயத்தில், ஆறாவது காம்பராவில், ஒரே அறையில்.

நான் படித்து வாத்தியாராகி உடப்புசல்லாவை, பூண்டுலோயா என்று ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, ஓய்வுக்குப் பிறகு பஜாரில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்துத் தனியாக இருக்கிறேன். தங்கை அந்தக் காம்பராவை விட்டு நகரவில்லை. கொழுந்து எடுத்தே காலம் போனது. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் ஒருவன், கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் வேலை.

மூன்று வருடத்துக்கு முந்திய மழையில் கீழ் லயத்துக்குப் பின்னால் மண் வெடித்தது. வெடிப்பில் என் கை முழங்கை வரை போனது. அதிகாரிகள் வந்து பார்த்து, இந்த லயத்தில் ஆட்கள் இருக்கக்கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள். மேல் லயமும் பழையது என்பதால் இரண்டு லயத்துக்கும் சேர்த்து ஒரு புதுக் கிராமம் என்று முடிவானது. அதன் படத்தைப் பெரிய ப்ளெக்ஸில் அடித்து, காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஆட்கள் கூடும் இடத்தில் கட்டினார்கள்.

நான் போய்ப் பார்த்தேன். வீடுகள் நாற்பத்தெட்டு, நான்கு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு. எல்லாவற்றுக்கும் சிவப்புக் கூரை. நடுவில் கோயில். கோயில் வாசலிலிருந்து நேராக ஒரு தெரு. ஒரு பாலர் பள்ளி, விளையாட்டு மைதானம், பஸ் நிற்கும் இடம். மனிதர்கள் பத்தொன்பது பேர். அத்தனை பேரும் வெள்ளை வெளேரென்று இருந்தார்கள், ஒருவர் கையிலும் குடை இல்லை. எங்கள் மலையில் குடை இல்லாமல் பத்தொன்பது பேரை ஒரே இடத்தில் யார் பார்த்திருக்கிறார்கள்? இதை நான் சொன்னபோது பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். மாஸ்டருக்குக் குடையில்லாவிட்டால் தூக்கம் வராது என்று ஒருத்தி சொன்னாள்.

படத்தில் மேடு பள்ளம் காட்டவில்லை. தாள் மாதிரி தட்டையாக இருந்தது நிலம்.

யாருக்கு எந்த வரிசை என்பதில்தான் சண்டை தொடங்கியது. அதைப் புரிந்துகொள்ள எங்கள் தோட்டத்துத் தேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வருடா வருடம் மாரியம்மன் திருவிழாவில் தேர் லயம் லயமாகப் போகும். ஒவ்வொரு வாசலிலும் நின்று தட்டு வாங்கும். கோயில் மேல் லயத்துக்குப் பக்கத்தில் இருந்ததால் தேர் முதலில் மேல் லயத்துக்குத்தான் போகும். கீழ் லயத்துக்கு வரும்போது விடிந்துவிடும். பூ வாடியிருக்கும், மேளக்காரர்கள் பாதிப் பேர் தள்ளாடுவார்கள், அம்மன் முகத்தில் மஞ்சள் கரைந்திருக்கும். எங்கள் அம்மா தட்டை வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தபடியே தூங்குவாள். மேல் லயத்துக்காரர்கள் கேலியாக, அம்மன் உங்க வீட்டுக்குப் பல் விளக்கத்தான் வாராங்க என்பார்கள். நாலு தலைமுறையாக இது உள்ளே கிடந்து எரிந்த விஷயம்.

இப்போது படத்தில் கோயில் நடுவில், முன்வரிசையைப் பார்த்தபடி இருந்தது. அங்கிருந்து புறப்படும் தேர் முதலில் முன்வரிசைக்கு வரும். கடைசி வரிசை ஒரு கற்பாறையை ஒட்டி மேட்டில் இருந்தது, தேர் கடைசியாகத்தான் அங்கே ஏறும். தண்ணீர்க் குழாய் எது பக்கம், பஸ் எது பக்கம், நிலம் எது கெட்டி என்று ஒருவரும் கேட்கவில்லை. கோயிலில் கூட்டம் போட்டார்கள். தோட்டத் தலைவர் நடுவில் உட்கார்ந்தார். கீழ் லயத்துக்காரர்கள் எல்லோரும் ஒரே பேச்சாக, மண் வெடித்தது எங்களுக்கு, அதனால் முன்வரிசை எங்களுக்கு என்றார்கள். அன்றைக்குக் கூட்டத்தில் அதிகம் பேசியது என் தங்கை. பெரட்டில் மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா முன்னால்கூட வாய் திறக்காதவள், மேல் லயத்து ஆம்பளைகளைப் பார்த்து, இத்தனை வருசம் எச்சில் தேர் வாங்கினோம், இனி நீங்க வாங்குங்க என்றாள். கடைசியில் முன்வரிசை பன்னிரண்டும் கீழ் லயத்துக்கு என்று முடிவாயிற்று. சந்தோஷத்தில் வெடி போட்டார்கள்.

எனக்கு அந்த இடம் சரியாகப் படவில்லை. எனக்கு எதுவுமே சரியாகப் படாது என்பது ஊருக்குத் தெரியும். அது வேறு. புதுக் கிராமத்துக்கு ஒதுக்கியது பன்னிரண்டாம் நம்பர் மலை. தோட்டத்திலேயே கொஞ்சம் சமமான தேயிலை மலை அதுதான். அங்கே சின்ன வயதில் அம்மாவுக்குச் சோறு கொண்டுபோன ஞாபகத்தில், வேறு எந்த மலையிலும் இல்லாத ஒன்று இருந்தது. ஆள் உயரத்துக்கு ஆழமான கான்கள், மழைத்தண்ணீர் ஓடக் கல் கட்டி வெட்டியவை. ஒன்பது கான்கள். இப்போது போய்ப் பார்த்தால் ஒன்றும் இல்லை. பெக்கோ மெஷின் தேயிலையைப் பிடுங்கி, மேட்டு மண்ணைத் தள்ளி, எல்லாவற்றையும் நிரவியிருந்தது. சமமான இடத்துக்கு எதற்காக ஒன்பது கான் வெட்டினார்கள் என்ற கேள்வி என்னை விடவில்லை.

துணிக்கடை முதலாளி என்னோடு ஒன்றாகப் படித்தவரின் மகன். சட்டத்தை இறக்கித் துடைத்துக் கொடுத்தார். டிரேசிங் தாளில் படத்தை எடுத்தேன். பழைய படத்துக்கும் இன்றைய நிலத்துக்கும் மாறாதவை இரண்டு: ரயில் சுரங்கத்தின் வாய், அந்தக் கற்பாறை. புதுப் படத்தின் ஓரத்திலும் இரண்டையும் போட்டிருந்தார்கள். புதுக் கிராமத்தின் படத்தைப் போனில் எடுத்து, ஸ்டூடியோவில் அதே அளவுக்குப் பெரிதாக்கி வாங்கினேன். பாறையைப் பாறை மேல் வைத்தேன், சுரங்கத்தைச் சுரங்கம் மேல் வைத்தேன். முன்வரிசைப் பன்னிரண்டு வீடும் ஏரிக்குள் விழுந்தன. தேர் ஓடும் தெரு நேராகப் படகுகளின் மேல் போனது.

மலையில் யாரும் தோண்டி ஏரி செய்யப் போவதில்லை. தண்ணீர் தேங்கும் சதுப்பாக இருந்திருக்கும், படம் போட்டவன் அதை ஏரி என்று போட்டு விற்கப் பார்த்திருக்கிறான். பிறகு வந்த கம்பெனி கான் வெட்டி வடிய வைத்துத் தேயிலை நட்டிருக்கிறது. இப்போது கானை மூடிவிட்டார்கள்.

தலைவரிடம் போனேன். அவர், வரிசையை மாற்றினால் வெட்டுக்குத்து நடக்கும் மாஸ்டர், என்னை விட்டுடுங்க என்றார். கட்டட வேலைக்கு வந்திருந்த இன்ஜினியர் ஐயாவிடம் போனேன். நல்ல மனிதர்தான். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளக்கினேன். தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். எந்த வருடத்துப் படம் என்று கேட்டார். வருடம் அதில் இல்லை. பயப்பட வேண்டாம் மாத்தயா, அத்திவாரத்துக்குக் கல் கூடுதலாகப் போடச் சொல்கிறேன் என்று சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

ஒரு வழி இருந்தது. மேல் லயத்தில் ஒருவர், தேயிலை ஃபேக்டரியில் இலை வாட்டும் இடத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவர். அவருக்குக் கடைசி வரிசையில் பாறைக்குப் பக்கத்து வீடு விழுந்திருந்தது. கூட்டத்தில் தோற்ற ஆத்திரம் அவருக்கு ஆறவில்லை. முன்வரிசையில் யாராவது மாற்றிக்கொண்டால் நாளைக்கே கையெழுத்துப் போடுவேன் என்று பஜார் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். பெயர் பதிவு முடியும் வரை மாற்றிக்கொள்ளலாம் என்று விதி. பதிவு அந்த வெள்ளிக்கிழமை முடிந்தது.

வியாழக்கிழமை காலை தங்கையிடம் போனேன். வேலையில்லாத நாள். அடுப்படியில் உட்கார்ந்து ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். சாமான்களில் பாதியைச் சாக்கில் கட்டி வைத்திருந்தாள். ஏழு சாக்கு. நான் டிரேசிங் தாளைத் தரையில் விரித்து, நான்கு மூலைக்கும் நான்கு டம்ளர் வைத்து, ஒவ்வொன்றாகக் காட்டினேன். பாறை, சுரங்கம், ஏரி, உன் வீடு.

அவள் ரொட்டியைத் திருப்பிப் போட்டுவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"இது எந்த ஊருண்ணே?"

"நம்ம ஊருதான். அந்தக் காலத்துல கட்டப்போறோம்னு போட்ட படம்."

"கட்டுனானா?"

"இல்ல."

"அப்ப இல்லாத கடையைப் போட்டிருக்கான், இல்லாத குதிரையைப் போட்டிருக்கான், இல்லாத தொரைமாரைப் போட்டிருக்கான். இந்தத் தண்ணி ஒண்ணு மட்டும் நெசமாண்ணே?"

நான் கான்களைப் பற்றிச் சொன்னேன். ஒன்பது கான், எல்லாவற்றையும் மூடியாயிற்று என்றேன்.

"அந்த மலையில முப்பது வருசம் கொழுந்து எடுத்திருக்கேன். ஒரு நாளாவது கால் பொதைஞ்சிருக்கா? நீங்க பேனா புடிச்சிக்கிட்டு இருந்தீங்க."

"கான் இருந்ததால பொதையல."

"கேஸ் சிலிண்டர் வாங்குனேன், வெடிக்கும்னீங்க. மகனைக் கொழும்புக்கு அனுப்புனேன், கெட்டுப்போவான்னீங்க. ஆத்துப் பாலம் விழும்னீங்க. போன் வச்சா காது போவும்னீங்க. எதுண்ணே நடந்துச்சு? நீங்க எண்ணுறீங்களே, இதையும் ஒரு தடவை எண்ணிப் பாருங்க."

எண்ணிப் பார்த்தால் அவள் சொன்னது சரி. ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் மண் வெடித்தது, அதை நான் முன்னால் சொல்லவில்லை. அதைச் சொல்லி என்ன பயன்? பாறைக்குப் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொன்னேன். இன்றைக்குப் போனால் மாற்றிக்கொள்ளலாம், நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன்.

அவள் ரொட்டியைத் தட்டில் வைத்து என் பக்கம் தள்ளினாள். சம்பலை எடுத்து வைத்தாள். பிறகு, கோபம் இல்லாமல்தான் சொன்னாள்.

"அந்தாளுக்கு என்னோட முன்வாசலைக் குடுத்துட்டு, நான் திரும்பக் கடைசியா நிக்கணுமா? அம்மா மாதிரி வாசல்ல தூங்கணுமா? மண்ணுக்குள்ள போனாலும் முன்வரிசையில இருந்து போறேண்ணே. சாப்பிடுங்க."

தாளைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை பதிவு முடிந்தது.

வீட்டுச் சாவி கொடுக்கும் அன்றே லயக் காம்பராவை ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்த உடனே தோட்டத்து ஆட்கள் வந்து கூரைத் தகரத்தைக் கழற்றினார்கள். திரும்பி வந்து யாரும் குடியிருக்கக்கூடாது என்பதற்காகச் சுவரையும் பெக்கோவால் தள்ளினார்கள். எங்கள் காம்பராவுக்கு இருபத்தாறு தகரம். தள்ளும்போது பார்த்தேன். சுவருக்குள் கல்லே இல்லை, மண்தான். இதற்குள் இத்தனை காலம் இருந்திருக்கிறோம்.

புது வீடு நன்றாக இருந்தது. பொய் சொல்லக்கூடாது. இரண்டு அறை, தனி அடுப்படி, கக்கூஸ், சன்னல்கள் ஐந்து. தங்கை பால் காய்ச்சினாள். மகன் கொழும்பிலிருந்து ஒரு மின்விசிறி கொண்டுவந்தான். எங்கள் குளிருக்கு மின்விசிறி எதற்கு என்று எல்லோரும் கேட்டார்கள், அவளும் கேட்டாள். ஆனாலும் மாட்டச் சொன்னாள்.

அந்த வருடத் திருவிழாவில் தேர் புறப்பட்டதும் முதலில் அவள் வாசலில் நின்றது. பூ வாடவில்லை. மேளக்காரர்கள் நிதானமாக இருந்தார்கள். தட்டை அவள் சட்டென்று நீட்டியதில் கற்பூரம் அணைந்து, மறுபடி ஏற்ற வேண்டியதாயிற்று. தேரை இழுத்த பையன்கள் அவசரப்படுத்தவில்லை. மாற்றிக்கொள்ளக் கேட்ட அந்தப் பாறை வீட்டுக்காரர் மேட்டில் நின்று கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். நான் தெருவைப் பார்த்தேன். தேர்ச் சக்கரம் போன தடத்தில், காய்ந்த மாதத்தில், விரல் அகலத்துக்குத் தண்ணீர் கோத்திருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொல்லுகிற இடத்தில் நான் இல்லை.

மழை ஆனியில் பிடித்தது. முதலில் அடுப்படித் தரை உப்பியது. பிறகு கதவு மூட முடியவில்லை. பிறகு சுவரில் கோடு விழுந்தது. அவள் அதன் மேல் ஒரு காலண்டரை மாட்டினாள். கோடு காலண்டருக்கு வெளியே வந்ததும் அதை இறக்கிப் பெரிய காலண்டர் மாட்டினாள். நான் போகும்போதெல்லாம் முதுகைக் காலண்டர் பக்கம் வைத்து உட்கார்ந்துகொள்வாள். ஒரு விடியலில் மூன்றாவது வீட்டின் பின்சுவர் சரிந்தது. அதில் இருந்த பெண்ணின் இடுப்பு உடைந்து, இன்று வரை அவள் எழுந்து நடக்கவில்லை. அன்று மாலைக்குள் முன்வரிசை பன்னிரண்டிலும் சிவப்புச் சாயத்தில் பெருக்கல் குறி போட்டுவிட்டு, எல்லோரையும் பள்ளிக்கூட மண்டபத்துக்கு அனுப்பினார்கள். கடைசி வரிசையில் ஒரு கோடுகூட விழவில்லை.

பள்ளிக்கூடம் திறக்க வேண்டும் என்று மண்டபத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். தோட்டத்துக்குப் போனால், காம்பராவை ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டாயிற்று, இனி எங்கள் பொறுப்பு இல்லை என்கிறார்கள். வீடு கட்டிக் கொடுத்தவர்களிடம் போனால், உங்களுக்கு வீடு கொடுத்தாயிற்று என்கிறார்கள். இரண்டு இடத்திலும் சொல்வது உண்மைதான். அதனால் சண்டை போடவும் முடியவில்லை.

என்னோடு வந்து இரு என்றேன். பஜாரில் படி ஏற முடியாது என்று காரணம் சொன்னாள். பாறை வீட்டுக்காரர் தானாக வந்து, எங்க பின்னறை சும்மாதான் கிடக்கு, வாங்கக்கா என்று கூப்பிட்டார். அங்கே போனாள். நான் போய் அவருக்கு நன்றி சொன்னபோது, அவர் என் முகத்தைப் பார்க்காமல், உங்க தங்கச்சி அன்னைக்கு மாத்திக்கிட்டிருந்தா நான்தான் மாஸ்டர் இப்ப அவங்க பின்னறையில என்றார். அவர் சொன்னதில் கேலி இல்லை. அவர் அதை நினைத்துப் பயந்துபோயிருந்தார்.

ஆறு குடும்பம் சொந்தக்காரர்களிடம் போய்விட்டது. மிச்சம் ஆறு குடும்பத்துக்கு வேறு இடம் தருகிறோம் என்று போன மாதம் புதிதாக ஒரு படம் வந்தது. இந்த முறை ப்ளெக்ஸ் இல்லை, சாதாரணத் தாள். வீடுகள் ஆறு, ஒரு பாதை, பச்சையில் இரண்டு மரம், ஓரத்தில் அதே பாறையும் சுரங்கமும். மனிதர்களைப் போடவில்லை. குடும்பத்துக்காரர்கள் பார்த்துச் சம்மதம் எழுதிக் கொடுத்தால் மண் வெட்டத் தொடங்குவார்கள், வேண்டாம் என்றால் பட்டியலில் கடைசிக்குப் போக வேண்டும், எத்தனை வருடம் ஆகும் என்று யாருக்கும் தெரியாது.

தங்கை ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டாள். அவளாகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. தாளைக் கட்டில் மேல் விரித்து, நான் செய்தது போலவே நான்கு மூலைக்கும் டம்ளர் வைத்திருந்தாள். கோயில் எங்கே என்று கேட்கவில்லை. தேர் எந்த வழி வரும் என்று கேட்கவில்லை.

"உங்க பழைய படத்துல இந்த எடத்துல என்ன போட்டிருக்குண்ணே?"

டிரேசிங் தாளைக் கொண்டுபோயிருந்தேன். பாறையைப் பாறை மேல் வைத்தேன். சுரங்கத்தைச் சுரங்கம் மேல் வைத்தேன். புது இடம் படத்தின் ஓரத்தைத் தாண்டி நான்கு அங்குலம் வெளியே, கட்டில் விரிப்பின் மேல் விழுந்தது. மறுபடியும் வைத்துப் பார்த்தேன்.

"இதுல அந்த எடம் இல்லம்மா" என்றேன்.

"ஏரி இல்லைல?"

"ஏரி இல்ல. ஒண்ணுமே இல்ல. படம் இதோட முடிஞ்சுபோச்சு."

"அப்ப நீங்க சொல்லுங்க. நீங்க என்ன சொல்றீங்களோ அதையே எழுதிப் போட்டுடறேன்."

பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் பாறை வீட்டுக்காரரும் நின்றார். இத்தனை வருடமும் யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தவன் நான். தாளில் இருந்த ஆறு வீட்டையும் இரண்டு மரத்தையும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். எனக்குத் தெரியாது என்று அவளிடம் சொன்னேன்.

அவள் டம்ளர்களை எடுத்துத் தாளை மடித்தாள். பேனாவுக்கு மூடி போட்டாள். நாளைக்குக் கையெழுத்து வாங்க வருவார்கள், யோசித்து வையுங்கண்ணே என்றாள்.